பழைய பக்கங்களை அழித்தால் கூகுளில் மேலே வருமா?

2024 டிசம்பர் 30 அன்று கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு இப்போது நடந்தே போய்விடலாம், 77 மீட்டர்தான். அதற்கு முன்பெல்லாம் பாறையில் இறங்கி மறுபடியும் படகேற வேண்டும். கடல் உள்வாங்கினாலோ அலை மீறினாலோ சிலைக்குப் போகும் படகு நின்றுவிடும். அந்த ஒரு திறப்பு விழாவோடு, ‘கன்னியாகுமரியில் ஒரு நாள்’ என்கிற மாதிரி இணையத்தில் எழுதி வைத்திருந்த எத்தனையோ பக்கங்கள் தவறாகிப்போயின. அவற்றில் பல இன்னமும் தேடலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் லாட்ஜ், டிராவல்ஸ், ஜவுளிக்கடை, கோயில் நிர்வாகம், உள்ளூர்ச் செய்தி என்று சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆரம்பத்தில் ஆள் வைத்து எழுதி ஏற்றினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவர்களிடம் எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தருகிறோம் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது: “அண்ணே, பழசையெல்லாம் தூக்கிருங்க, ரேங்க் தானா ஏறும்.” இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்க்காமல் கை வைத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கங்களும் குப்பையோடு போய்விடும்.

யோசனை எங்கிருந்து வந்தது

பக்கம் கூடக் கூடத் தேடலில் பிடிமானம் கூடும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஒரே விஷயத்தை இருபது தலைப்பில் எழுதித் தள்ளுவதையே தொழிலாக நடத்திய நிறுவனங்கள் இருந்தன. 2011 பிப்ரவரியில் கூகுள், தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நடந்த தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தின் முடிவுகள் அதனால் புரண்டன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாண்டா பக்கம் பக்கமாக மட்டும் அடிக்கவில்லை. ஒரு தளத்தில் சத்தில்லாத பக்கங்கள் குவிந்திருந்தால், அதே தளத்தில் இருந்த நல்ல பக்கங்களும் சேர்ந்து இறங்கின. வேண்டாததைக் கழித்தால் வேண்டியது தப்பிக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் வேர் விட்டது.

2022 ஆகஸ்டில் ‘ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்’ என்ற பெயரில் அடுத்த ஏற்பாடு வந்தது. முதலில் ஆங்கிலத்துக்கு மட்டும். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்கும். உதவாத பக்கங்களை எடுத்துவிடுவது உங்களுடைய மற்ற பக்கங்களுக்குக் கைகொடுக்கலாம் என்று கூகுளே அப்போது சொன்னது. 2024 மார்ச்சில் இந்த ஏற்பாடு தனியாக நிற்காமல், வரிசைப்படுத்தும் முறையின் மையத்துக்குள்ளேயே கலந்துவிட்டது.

ஆனால் இடையில் 2023-இல் இன்னொன்று நடந்தது. சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம், தேடலில் ஏறுவதற்காகத் தன்னுடைய பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது வெளியே தெரிந்தது. உடனே கூகுள் தேடலின் சார்பில் டேனி சல்லிவன் பதில் சொன்னார்: பழசு என்றால் கூகுளுக்குப் பிடிக்காது என்று நினைத்து அழிக்கிறீர்களா, அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை. தள உரிமையாளர்களுக்கான வழிகாட்டுதலிலும் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். தளம் புதுசாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய பக்கங்களைக் கூட்டமாக நீக்கினால் பலன் கிடையாது.

இரண்டு பேச்சும் முரண்படுவதுபோலத் தோன்றலாம். பழசும் உதவாததும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால்தான் அந்தக் குழப்பம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதையை 2009-இல் யாராவது ஒழுங்காக எழுதியிருந்தால் அது இன்றைக்கும் சரி. சிலைக்குப் படகு பிடிப்பது எப்படி என்று 2024 நவம்பரில் எழுதியது அடுத்த மாதமே தவறு.

க்ரால் பட்ஜெட் (ஒரு தளத்தில் எவ்வளவு பக்கங்களைப் படிப்பது என்று கூகுள் வைத்திருக்கும் அளவு) என்று ஒரு பூச்சாண்டியும் காட்டுவார்கள். பக்கம் அதிகமானால் கூகுள் உங்கள் தளத்தைப் படித்து முடிக்காது என்பார்கள். கூகுளின் கணக்கில் அந்தக் கவலை பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல் இருக்கும் தளங்களுக்கும், தினமும் மாறுகிற பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும்தான். எண்பது பக்கம் வைத்திருக்கும் லாட்ஜுக்கு அது பொருந்தாது.

ஆடி மாதத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்தால்

கன்டென்ட் ஆடிட், அதாவது தளத்தில் உள்ள பக்கங்களைக் கணக்கெடுப்பது, அடிப்படையில் ஒரு எக்செல் தாள். இடப்பக்கம் தளத்தில் உள்ள எல்லா முகவரிகளும். எதிரே ஒவ்வொன்றும் தேடலில் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை கிளிக், வெளியிலிருந்து யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது திருத்தியது. கிளிக் கணக்கு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு அறிக்கையில் ஆயிரம் வரிதான் தரும் என்பதால், பெரிய தளமாக இருந்தால் பிரிவு பிரிவாக வடிகட்டி எடுக்க வேண்டும்.

வினை வருவது தேதியில். சர்ச் கன்சோல் திறந்ததும் மூன்று மாதக் கணக்கைத்தான் காட்டும். அதையே வைத்து ‘கிளிக் இல்லாதவை’ என்று பட்டியல் போட்டு அழிப்பவர்கள் உண்டு. நம் மாவட்டத்தில் இதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. மண்டைக்காட்டுக் கொடை மாசியில். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-இல் முடியும். சுசீந்திரம் தேர் மார்கழியில். சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முக்கடலுக்குக் கூட்டம் வருவது சித்ரா பௌர்ணமியில். குளச்சலும் மேலமணக்குடியும் சுனாமியில் பட்டபாட்டைப் பற்றிய பக்கத்தை டிசம்பர் 26 நெருங்கும்போதுதான் தேடுவார்கள். ஆடியில் உட்கார்ந்து மூன்று மாதம் பின்னோக்கிப் பார்த்தால் இதில் ஏறக்குறைய எல்லாமே பூஜ்யமாகத் தெரியும். சர்ச் கன்சோலில் 16 மாதம் வரை பின்னால் போகலாம். அந்த முழு நீளத்தையும் எடுத்துக்கொண்டால்தான் ஒரு வருடச் சுற்று உள்ளே விழும்.

கிளிக் இல்லை என்பதற்கும் பல அர்த்தம் உண்டு. ஆயிரக்கணக்கில் கண்ணில் பட்டும் யாரும் தொடாத பக்கம், விஷயம் சரியாக இருந்து தலைப்பு சொதப்பிய பக்கமாக இருக்கலாம். ‘பத்மநாபபுரம் அரண்மனை என்றைக்கு விடுமுறை’ என்று தேடுபவருக்குத் திங்கட்கிழமை என்ற ஒற்றைச் சொல் போதும். அது தேடல் முடிவிலேயே தெரிந்துவிட்டால் உள்ளே வர மாட்டார். அறை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்ற பக்கத்தைக் கூகுளில் ஒருவரும் தேட மாட்டார்கள், ஆனால் லாட்ஜ்காரர் அதை வாரம் பத்துப் பேருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருப்பார். தேடல் வழியாக ஆள் வராததால் அது செத்த பக்கம் ஆகிவிடாது.

தினமும் ஒரு பக்கம்

உண்மையிலேயே கழிக்க வேண்டிய சரக்கு எங்கே இருக்கிறது? ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிய இடத்தில்.

பேச்சிப்பாறையில் மறுகால் திறந்தால் கோதையாற்றில் தண்ணீர் பெருகும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். வடிந்ததும் அனுமதிப்பார்கள். மழைக்காலத்தில் இது மாறி மாறி நடக்கும். உள்ளூர்ச் செய்தித் தளம் ஒவ்வொரு தடைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு பக்கம் போடும். பத்து வருடத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றிலும் நான்கு வரி. திருநெல்வேலியிலிருந்து வேன் எடுத்துக் கிளம்புகிறவர் ‘திற்பரப்பு இன்று குளிக்கலாமா’ என்று தேடும்போது, எந்த ஆண்டுத் தடை அவர் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

இதில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. இணைய முகவரிக்குள் போகும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் (உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று) ஒன்பது எழுத்தாக விரிகிறது. ‘கன்னியாகுமரி’ என்ற ஒற்றைச் சொல்லே 108 எழுத்து. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், முகவரியின் கடைசிப் பகுதிக்கு 200 எழுத்துக்கு மேல் இடம் தராது. ‘திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை’ என்று தலைப்பிட்டால் ‘குளிக்க’ பாதியிலேயே அறுந்துவிடும். ‘குளிக்க அனுமதி’ என்ற தலைப்பும் அதே இடத்தில்தான் அறும். ஆகவே தடையும் அனுமதியும் ஒரே முகவரியில் வந்து முட்ட, வேர்ட்பிரஸ் கடைசியில் 2, 3, 4 என்று எண்ணை ஒட்டிவிடும். முகவரியைப் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. ஆடிட் செய்கிறவர் ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தோவாளைப் பூ விலையும் இதே ரகம். பிச்சி இன்று கிலோ இவ்வளவு, மல்லி இவ்வளவு என்று தினம் ஒரு பக்கம். மறுநாளே அது யாருக்கும் வேண்டாம். ஆனால் அந்த விலைகளையெல்லாம் தேதிவாரியாக ஒரே அட்டவணையில் கோர்த்தால், ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் விலை எப்படி ஏறுகிறது என்பது வருடக்கணக்கில் கண்முன் நிற்கும். பூக்கட்டுபவர், வியாபாரி, கல்யாண வீட்டுக்காரர் எல்லோருக்கும் உதவும் பக்கம் அது. தனித்தனியாகச் சருகு, சேர்த்தால் ஆவணம். திற்பரப்புக்கும் இதே வழிதான்: நிரந்தரமான ஒரே முகவரி, மேலே இன்றைய நிலவரம், கீழே அருவியைப் பற்றியும் தண்ணீர் எப்போது பெருகும் என்பது பற்றியும் விளக்கம், அடியில் பழைய தடைகளின் தேதிகள். விபத்து, பெருவெள்ளம் என்று தனியாகச் செய்தி மதிப்புள்ளவற்றை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

செய்தித் தளம் அல்லாதவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. கன்னியாகுமரி, கன்யாகுமரி, குமரிமுனை என்று எழுத்துக்கு ஒரு பக்கம். நாகர்கோவிலுக்கு ஒன்று, நாகர்கோயிலுக்கு ஒன்று. பத்மநாபபுரம் அரண்மனை நேரம், கட்டணம், வழி என்று மூன்று. எல்லாவற்றிலும் அதே இரண்டு பத்தி. வாழைக்கு அடியில் பக்கக் கன்று அத்தனையையும் விட்டுவைத்தால் தாய்வாழை குலை தள்ளும்போது சீப்பு சிறுத்துப்போவதைப்போல, இவை ஒன்றோடொன்று போட்டி போட்டு எதுவுமே முதல் பக்கத்துக்கு வராமல் போகும். லிங்க்கும் கிளிக்கும் எதற்கு அதிகமோ அதை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் உருப்படியாக இருக்கும் வரிகளை அதற்குள் கொண்டுவந்துவிட்டு மற்றவற்றை மூடலாம். ஆடிட்டில் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு இந்தச் சேர்ப்பு வேலையில்தான் இருக்கிறது. அழிப்பில் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் காசு கேட்பவர்களுக்கு அழிப்பதுதான் சுலபம்.

வேர்ட்பிரஸ் தானாகவே பெற்றுப் போடும் பக்கங்களையும் மறக்கக் கூடாது. கட்டுரைக்கு ஒட்டும் ஒவ்வொரு டேகுக்கும் (குறிச்சொல்லுக்கும்) ஒரு பக்கம், ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். படத்துக்கான பக்கம் 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து புதிய தளங்களில் அணைந்தே இருக்கிறது. அதற்கு முன் தொடங்கிய தளங்களில் நாமேதான் அணைக்க வேண்டும். யோசிக்காமல் கழிக்கக்கூடியது இது ஒன்றுதான்.

பூஜ்யத்தில் கிடக்கும் பொக்கிஷம்

2000-களின் முற்பகுதியில் தொடங்கிய தமிழ்த் தளங்கள் சிலவற்றை இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக என்னவோ தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு அப்போது பரவவில்லை. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. 2010-இல்தான் யூனிகோடுக்கு வந்தது. எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் கிறுக்கல். கூகுளுக்கும் அது கிறுக்கல்தான்.

ஆடிட் தாளில் இந்தப் பக்கங்கள் எல்லாம் பூஜ்யம் காட்டும். கணக்கைப் பார்த்து அழிப்பவர் முதலில் இவற்றைத்தான் அழிப்பார். ஆனால் உள்ளூர் வரலாறு, எல்லைப் போராட்டத்தில் இருந்தவர்களின் நினைவுகள், கோயில் கல்வெட்டுக் குறிப்பு, வர்ம வைத்தியம் என்று அக்கறையோடு தட்டச்சு செய்த விஷயங்கள் பல இந்த மூட்டைக்குள்தான் கிடக்கும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, அதே முகவரியில் போட்டுவிட்டால் ஒன்றுமே புதிதாக எழுதாமல் நல்ல பக்கங்கள் சேரும். கொடைவிழா நோட்டீஸை வெறும் படமாகப் போட்டுவைத்த பக்கங்களுக்கும் நாலு வரி எழுத்து சேர்த்தால் போதும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை ஒக்கி புயல் பக்கங்கள். 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குப் போனவர்களைத் தேடி அலைந்த நாட்களில் எழுதிய குறிப்புகள், ஊர்வாரியான விவரங்கள். கிளிக் எண்ணிக்கையை வைத்து இவற்றின் தலைவிதியை முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன். கூகுளும் அப்படிக் கேட்கவில்லை. பக்கத்தின் மேலே ‘இது 2017-இல் எழுதியது’ என்று ஒரு வரி போட்டுவிட்டு விட்டுவிடலாம். களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் இ-பாஸ் காட்டுவது எப்படி என்ற 2020-ஆம் ஆண்டுக் குறிப்புக்கு அந்த மரியாதை தேவையில்லை.

எப்படி மூடுவது

முடிவெடுத்த பிறகு செய்யும் வேலை சின்னது, ஆனால் கோளாறு நடப்பது இங்கேதான். வேறொரு பக்கத்தில் சேர்த்துவிட்டால் பழைய முகவரியிலிருந்து அந்தப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (வருகிறவரைத் தானாகவே புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) கொடுக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது அது இருக்கட்டும் என்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே வேண்டாம். ஈடான பக்கம் இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கத்தை எடுத்துவிட்டோம்) என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 404 வந்தால் தளத்துக்குக் கெட்ட பெயர் என்று பயந்து, அழித்த அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சம்பந்தமில்லாத இடத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் 404 மாதிரியே எடுத்துக்கொள்ளும். வந்தவருக்கோ தேடியது எங்கே போயிற்று என்று தெரியாது.

வாடிக்கையாளருக்கு வேண்டும், தேடலுக்கு வேண்டாம் என்ற பக்கத்துக்கு, தேடலில் சேர்க்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇன்டெக்ஸ் குறிப்பைப் போடலாம். ஆனால் அதே பக்கத்தை, எந்தப் பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால் கூகுள் உள்ளே வந்து நோஇன்டெக்ஸைப் படிக்கவே முடியாது. சர்ச் கன்சோலில் உள்ள ‘ரிமூவல்ஸ்’ வசதி ஒரு பக்கத்தைச் சுமார் ஆறு மாதம் மறைத்துத்தான் வைக்கும், அழிக்காது. எதைச் செய்வதற்கு முன்பும் முழு தளத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

வைத்துக்கொள்ளும் பக்கங்களைத் திருத்தும்போது தேதியை மட்டும் மாற்றிப் புதிதுபோலக் காட்டும் வேலை வேண்டாம். வாசகரை ஏமாற்றும் அறிகுறிகளில் ஒன்றாகக் கூகுள் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மட்டிப்பழத்தைப் பற்றி 2015-இல் எழுதிய பக்கம் இருந்தால், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சேர்க்கலாம். குமரிக் கிராம்புக்கு அது 2021-இலேயே வந்துவிட்டது. சென்னை எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31 அன்று ஓடத் தொடங்கியதை ரயில் பக்கத்தில் சேர்க்கலாம். அப்படி விஷயம் மாறியிருந்தால் தேதியும் மாறட்டும்.

பலன் எப்போது தெரியும் என்று கேட்டால், வாரக்கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம். கூகுள் பக்கங்களை மறுபடி படிக்க வேண்டும். தளத்தின் ஒட்டுமொத்தத் தரம் பற்றிய அதன் மதிப்பீடு மாற மாதங்கள் பிடிக்கும். ஒரேயடியாக எல்லாவற்றையும் செய்யாமல், முதலில் திற்பரப்பு, பிறகு பூ விலை என்று பிரிவு பிரிவாகச் செய்தால் எது பலித்தது என்று சொல்ல முடியும். ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். அக்டோபரில் முந்நூறு பக்கத்தை அழித்துவிட்டு, நவம்பர் கடைசியில் கிராஃப் ஏறுவதைக் காட்டி பில் நீட்டுகிறவர் வந்தால், கார்த்திகை பிறந்துவிட்டதா என்று காலண்டரைப் பாருங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மலையிறங்கிக் கன்னியாகுமரிக்கு வண்டி திருப்பும் சீசன் அது; தை பிறக்கும்வரை லாட்ஜ் பக்கங்கள் எதையும் அழிக்காமலேயே ஏறும்.